"ஓரமாப் போ ராசா": வெள்ளவத்தையில் நடந்த ஒரு சைக்கிள் விபத்தின் முழு ஆய்வு

2023 ஒக்டோபரில் ஒரு புதன்கிழமை, மாலை 6.20. கொழும்பு, வெள்ளவத்தை, காலி வீதி, தெஹிவளைப் பக்கம் போகும் திசை. ஒரு மணித்தியாலமாகக் கொட்டிய இடிமழை அப்போதுதான் விட்டிருந்தது. என் மனைவியின் தம்பி புறக்கோட்டையில் வேலை முடித்துச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். வீட்டுக்கு இன்னும் அறுநூறு மீற்றர்கூட இல்லை. வீதியோரம் நின்ற வான் ஒன்றின் சாரதிப் பக்கக் கதவு திறந்தது. சைக்கிளின் இடது கைபிடி கதவு விளிம்பில் அடித்தது. அவர் வலது பக்கமாக, வாகனங்கள் ஓடுகிற பக்கமாக, விழுந்தார். பின்னால் வந்த பஸ் நின்றுவிட்டது. பஸ்ஸின் முன் சில்லுக்கும் அவருடைய தலைக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று அங்கே நின்றவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். யாரும் மூன்று அடிக்கு மேல் சொல்லவில்லை.

வலது காரை எலும்பு முறிவு, புருவத்துக்கு மேலே ஐந்து தையல், முழங்கையில் தோல் வழண்ட காயம். பக்கத்து நூல் கடைப் பையன் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தான், சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது. வான்காரர் நடுங்கிப்போய் வைத்தியசாலை வரைக்கும் கூடவே வந்தார். பொலிஸில் முறைப்பாடு பதிந்து, இரு தரப்பும் பேசி முடித்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தை இங்கே மேலும் கிளறப்போவதில்லை.

மாமி அன்றிரவே பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார். "கடவுள்தான் காப்பாத்தினவர்" என்றார். எனக்கு அது போதவில்லை. நானும் அதே வீதியில் சைக்கிள் ஓடுகிறவன். அடுத்த கதவு எனக்கும் திறக்கலாம். ஆகவே மச்சான் கையைக் கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் போட்டபடி நடமாடத் தொடங்கியதும், இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் இருவரும் அளவு நாடாவோடு அந்த இடத்துக்குப் போனோம். நடந்ததை அடி அடியாகத் திரும்ப நடந்து பார்த்தோம். அப்போது எங்களுக்குத் தெரியவந்தவைதான் இதில் இருக்கின்றன.

ஆளும் சைக்கிளும்

மச்சானுக்கு 41 வயது. புறக்கோட்டைக் குறுக்குத் தெரு ஒன்றில் மொத்த வியாபாரப் புடவைக் கடையில் கணக்கு எழுதுகிறார். வீடு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில். போக ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர், வர ஒன்பது. சைக்கிளை அவர் ஆசைப்பட்டு எடுக்கவில்லை. 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் இரவு முழுக்க நின்ற நாட்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த யூலையில், தகப்பனார் காலத்து லுமாலா சைக்கிள் ஒன்றைக் கராஜிலிருந்து இழுத்துத் துடைத்து, ரியூப் மாற்றி ஓடத் தொடங்கினார். புதுச் சைக்கிளின் விலை கேட்டால் தலை சுற்றிய காலம் அது. பிறகு எரிபொருள் வந்தது, கூட ஓடினவர்கள் எல்லாம் மோட்டார் சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் திரும்பிவிட்டார்கள். இவர் மட்டும் விடவில்லை. இரத்தத்தில் சீனி குறைந்தது, வயிறு குறைந்தது, பஸ் காசு மிஞ்சியது.

அதாவது விபத்து நடந்தபோது அவர் பழக்கமில்லாத ஆள் கிடையாது. பதினைந்து மாதமாக நாளாந்தம் ஓடினவர். குடிக்கவில்லை, போனும் பார்க்கவில்லை. ஹெல்மெட் போட்டிருந்தார். பின்னால் சிவப்பு விளக்கும் பூட்டியிருந்தது. வேகமாகவும் போகவில்லை. இப்படிப்பட்ட ஒருவருக்கு நடந்ததால்தான் இதை ஆராய்வதில் பயன் இருக்கிறது.

காலையில் அவர் வீட்டை விட்டு இறங்கும்போது மாமி படலையடியில் நின்று ஒவ்வொரு நாளும் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு: "ஓரமாப் போ ராசா." எங்கள் எல்லோருடைய தாய்மாரும் சொன்ன வார்த்தைதான். நானும் என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று மாலை மச்சான் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

கடைசி ஏழு செக்கன்

வழக்கமாக அவர் கடலோர வீதியான மரைன் டிரைவ் வழியாகத்தான் வீட்டுக்கு வருவார். அன்று சந்தையில் மரக்கறி வாங்கவேண்டி இருந்ததால் பம்பலப்பிட்டியிலிருந்து காலி வீதியிலேயே வந்தார். மழை விட்ட கையோடு கடைகளுக்குள் ஒதுங்கியிருந்த சனம் முழுவதும் ஒரே நேரத்தில் வீதிக்கு இறங்கியிருந்தது. இடது ஓரத்தில் வரிசையாக வாகனங்கள். அவற்றில் கடைசியாக ஓர் ஓட்டோ, அதற்கு முன்னால் அந்த வான்.

பின்னால் ஒரு பஸ் நீளமாக ஹோர்ன் அடித்தது. மச்சான் திரும்பிப் பார்க்கவில்லை. நின்ற வாகனங்களுக்கு ஒரு மீற்றர் தள்ளி ஓடிக்கொண்டிருந்தவர் இன்னும் இடது பக்கம் ஒதுங்கினார். வானின் பக்கக் கண்ணாடியில் கைபிடி தட்டாமல் போனால் போதும் என்கிற அளவுக்கு ஒதுங்கினார். அந்த இடத்திலிருந்து கதவு வரைக்கும் நடந்து அளந்தோம்: 35 மீற்றர். அவர் ஓடிய வேகம் மணிக்கு 18 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால், அதாவது செக்கனுக்கு 5 மீற்றர், அது ஏழு செக்கன் தூரம்.

"அந்த ஏழு செக்கனும் எதைப் பார்த்துக்கொண்டு வந்தனீர்?" என்று கேட்டேன்.

"பின்னால வாற பஸ்ஸைத்தான் அத்தான் யோசிச்சுக்கொண்டு வந்தனான். கண் முன்னுக்குத்தான் இருந்தது, ஆனா காது முழுக்கப் பின்னுக்கு."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றவர், பிறகு தானாகவே சொன்னார்: "வானின்ர ஸ்டொப் லைட் அணைஞ்சதைக் கண்டனான். கண்டு என்ன, அது என்னத்தைச் சொல்லுது எண்டு விளங்கேல்லை."

ஆய்வு முழுவதிலும் எனக்கு மிகப் பெரிதாகப் பட்டது இந்த வசனம்தான். ஸ்டொப் லைட் இப்போது அணைகிறது என்றால் வண்டி இப்போதுதான் வந்து நின்றிருக்கிறது. இப்போது வந்து நின்ற வண்டியில் ஆள் உள்ளே இருக்கிறார். ஆள் இருந்தால் கதவு திறக்கும். காலையிலிருந்து அதே இடத்தில் நின்று தூசி படிந்த காரைப் பற்றி இவ்வளவு பயம் தேவையில்லை. பின் கண்ணாடி வழியே தெரிகிற ஒரு தலை, உள்ளே எரிகிற சின்ன விளக்கு, இன்னும் ஓடுகிற வைப்பர், வெளியே திரும்பி நிற்கிற முன் சில்லு, இவை எல்லாம் கதவு திறப்பதற்கு முன்பே நமக்குக் கிடைக்கிற செய்திகள். மச்சானுக்கும் கிடைத்தன. ஆனால் அவருடைய கவனம் முழுவதையும் பஸ்ஸின் ஹோர்ன் பிடித்து வைத்திருந்தது.

"பிரேக் பிடிக்கேல்லை"

வைத்தியசாலையில் வைத்து அவர் முதலில் சொன்ன காரணம் இது. வீட்டிலும் எல்லோரும் அதையே நம்பினார்கள். நானும் நம்பினேன். லுமாலாவின் சில்லு விளிம்பு இரும்பு, மேலே குரோம் பூச்சு. அது நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டு போகும், காய்ந்திருக்கும்போது பிடிக்கிற பிடியில் பாதிகூட இராது. அப்படியான சைக்கிளை மழையில் ஓடின எல்லோருக்கும் இது தெரியும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. கதவு அசைந்தபோது தான் ஓட்டோவின் பின் பக்கத்துக்கு நேராக இருந்ததாக மச்சான் உறுதியாகச் சொல்கிறார். அங்கிருந்து கதவு விளிம்புக்கு ஏறத்தாழ 6 மீற்றர். எதிர்பாராத ஒன்றைக் கண்டு, மூளை விளங்கி, விரல் பிரேக்கை இறுக்க, விழிப்பாக இருக்கிறவருக்கே ஒரு செக்கன் எடுக்கும். ஒரு செக்கனில் அவர் 5 மீற்றர் போய்விட்டார். மிச்சம் ஒரு மீற்றர். காய்ந்த வீதியில், புத்தம் புதிய பிரேக்கோடு வந்திருந்தாலும் 18 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நிற்க இரண்டரை மீற்றராவது வேண்டும். ஆக, நல்ல பிரேக் இருந்தாலும் இடித்திருப்பார். கொஞ்சம் மெதுவாக இடித்திருப்பார், அவ்வளவுதான்.

வேகம் 12 ஆக இருந்திருந்தால் கதை மாறும். ஒரு செக்கனுக்கு மூன்றரை மீற்றருக்கும் குறைவு, நிற்க ஒன்று அல்லது ஒன்றேகால் மீற்றர். காய்ந்த நாளில் கதவுக்கு முன்னாலேயே நின்றிருப்பார். நனைந்த இரும்பு விளிம்போடு அந்த வேகத்திலும் மயிரிழைதான். பிரேக்கை மாற்றத்தான் வேண்டும், மாற்றியும் விட்டோம். ஆனால் காரணப் பட்டியலில் அதற்கு மூன்றாம் இடம்தான் கொடுக்க முடியும். பிரேக்கை மட்டும் மாற்றிவிட்டு, "இனிப் பயமில்லை" என்று அதே இடத்தில் அதே மாதிரி ஓடியிருந்தால் இன்னொரு கதவு அவரைத் தேடி வந்திருக்கும்.

ஓரம் எங்கே இருக்கிறது

அளவு நாடாவை வெளியே எடுத்ததற்குக் காரணமே இதுதான். அதே மாதிரி வான் ஒன்று எங்கள் ஒழுங்கையில் நிற்கிறது. சொந்தக்காரரிடம் கேட்டுக் கதவை முழுதாகத் திறந்து அளந்தோம். வானின் உடம்பிலிருந்து கதவு விளிம்பு 95 சென்ரிமீற்றர் வெளியே வருகிறது. சைக்கிளின் கைபிடி 60 சென்ரிமீற்றர் அகலம், நடுவிலிருந்து பக்கத்துக்கு 30. அன்று சைக்கிளின் சில்லு வானிலிருந்து சுமார் 60 சென்ரிமீற்றரில் ஓடியது. கதவு அரைவாசி திறந்தாலே அவர் அதன் வழியில்தான் இருந்தார்.

சோக்கட்டியால் நிலத்தில் கோடு போட்டேன். கதவுக்கு ஒரு மீற்றர், கைபிடிக்கு 30 சென்ரிமீற்றர், வளைந்து நெளிய இன்னும் கொஞ்சம். ஒன்றரை மீற்றர். மச்சான் அந்தக் கோட்டில் போய் நின்றார். நின்றுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அத்தான், இது நடு ரோட்டு."

உண்மைதான். காலி வீதியில் அந்த இடத்தில் ஒன்றரை மீற்றர் தள்ளி ஓடினால், இடது லேனின் நடுவில் ஓடுகிறோம். பஸ் நம்மை முந்த வேண்டுமென்றால் அடுத்த லேனுக்குப் போய்த்தான் முந்தலாம். பயமாகத்தான் இருக்கும், எனக்கும் இருக்கிறது. ஆனால் ஓரத்தில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்: திறக்கிற கதவு, தண்ணீர் நின்று மறைந்திருக்கும் வடிகான் மூடி, நடைபாதையில் இடமில்லாமல் திடீரென இறங்குகிற ஆள், ஒழுங்கைக்குள் திரும்புகிற ஓட்டோ, ஏற்றுவதற்காக வெட்டுகிற பஸ், எதிர்த் திசையில் வருகிற டெலிவரி மோட்டார் சைக்கிள். வீதியின் ஆபத்து முழுவதையும் கூட்டி அந்த ஒரு மீற்றருக்குள் தள்ளியிருக்கிறோம். பிறகு பிள்ளையைப் பார்த்து அங்கேதான் போகச் சொல்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. ஓரத்தோடு ஒட்டி ஓடினால், பின்னால் வருகிறவருக்கு இடையில் கொஞ்சம் இடம் தெரிகிறது. அந்த இடம் போதாது. ஆனால் போதும்போல இருக்கிறது. அவர் லேனை மாற்றாமலே நுழைந்து பார்ப்பார். நடுவில் தெளிவாக ஓடினால் அந்தச் சந்தேகமே அவருக்கு வராது. முப்பது மீற்றர் பின்னாலேயே முடிவெடுத்துவிடுவார்: பொறுக்கிறதா, லேன் மாறுகிறதா என்று. திட்டுவார், ஹோர்ன் அடிப்பார். ஆனால் நம்மைக் கண்டுவிட்டார், நமக்கு வேண்டியதும் அதுதான்.

ஹோர்னைப் பற்றி ஒரு வார்த்தை. கொழும்பில் ஹோர்ன் என்றால் பெரும்பாலும் "நான் வாறன்" என்றுதான் அர்த்தம். கோபம் குறைவு. மச்சான் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார். அது வெறும் தகவல். தகவல் கிடைத்தால் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், பார்த்த பிறகுதான் ஒதுங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். பார்க்காமல் ஒதுங்கியதைத்தான் இந்த விபத்தின் முதற் காரணமாக நான் எழுதுகிறேன். ஒதுங்கிய இடம் இரண்டாவது.

இதற்கு ஓர் எல்லையும் இருக்கிறது. மாலை நெரிசலில் காலி வீதியில் பஸ்ஸே 20, 25 கிலோமீற்றருக்கு மேல் போக முடியாது. அந்த வேகத்தில் லேனின் நடுவில் ஓடலாம். இரவு பத்து மணிக்கு அதே வீதி வெறிச்சோடி, வாகனங்கள் 60இல் பறக்கும்போது நான் அங்கே நடுவில் ஓடமாட்டேன். அந்த நேரத்துக்கு வேறு வீதிதான் வேண்டும்.

விழுந்த விதமும் கவனிக்க வேண்டியது. இடது கைபிடி கதவில் மாட்டியதும் முன் சில்லு இடது பக்கம் மடங்கியது. உடம்பு வலது பக்கம் வீசப்பட்டது. கதவில் மோதுகிற சைக்கிள்காரர் அநேகமாக இப்படித்தான், கதவிலிருந்து விலகி ஓடுகிற வாகனங்களுக்கு முன்னால், விழுவார். ஆகவேதான் கதவு, பார்க்கச் சின்ன விபத்து மாதிரி இருந்தாலும், பஸ் விபத்தாக முடியக்கூடியது.

வாகனம் ஓட்டுகிற உங்களுக்கும் ஒன்று. நெதர்லாந்தில், கதவுக்குத் தூரத்தில் இருக்கிற கையால் கதவைத் திறக்கப் பழக்குகிறார்கள். நமது சாரதிக்கு அது இடது கை. இடது கையை வலது கதவுக்குக் கொண்டுபோனால் தோள் தானாகத் திரும்பும், முகமும் திரும்பும், பின்னால் வருகிறவர் கண்ணில் படுவார். நான் காரில் போகும்போதெல்லாம் இப்போது அப்படித்தான் இறங்குகிறேன். இரண்டு கிழமையில் கை பழகிவிட்டது.

பஸ்ஸோடு ஓடுவது

அந்த பஸ் ஏன் நின்றது? சாரதி மச்சானைக் கண்டு நிறுத்தியதாகத்தான் முதலில் நினைத்தோம். நூல் கடைப் பையன் வேறு விதமாகச் சொன்னான்: கொஞ்சம் முன்னாலேயே பஸ் ஹோல்ட், பஸ் ஏற்கனவே வேகம் குறைத்துக்கொண்டு வந்தது. ஹோல்ட் இன்னும் நூறு மீற்றர் தள்ளி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்க நான் விரும்பவில்லை.

100, 101 இலக்க பஸ்கள் ஓடுகிற வீதியில் பஸ்ஸைப் படிக்கத் தெரியாமல் சைக்கிள் ஓட முடியாது. கொண்டக்டர்தான் பஸ்ஸின் சிக்னல். அவர் புட்போர்டில் இறங்கி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்தால், பஸ் இடது பக்கம் வெட்டப் போகிறது. விளக்கு எரிந்தாலும் சரி, எரியாவிட்டாலும் சரி. நம்மை முந்திக்கொண்டு போன பஸ் இப்படி வெட்டும்போது மூளை சொல்லும்: "இடது பக்கம் இடம் இருக்கிறது, நுழைந்து போ." நுழையவே கூடாது. பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் அகப்பட்டால் வெளியேற வழி கிடையாது. பிரேக்கைப் பிடித்துப் பின்னால் நில்லுங்கள், பத்து செக்கன் போனால் போகட்டும்.

பஸ் நெரிசலில் நடு லேனில் நிற்கும்போதும் இடது பக்கத்தால் போகாதீர்கள். ஹோல்ட் வரும் வரை காத்திருக்கிற பொறுமை கொழும்பில் பலருக்கு இல்லை. கதவு இடது பக்கம், கதவும் திறந்தபடி. ஒரு அம்மா பையையும் பிள்ளையையும் பிடித்துக்கொண்டு படக்கென்று இறங்குவார். அங்கே சைக்கிள் வரும் என்று அவர் எதிர்பார்க்கமாட்டார். அப்படி நடந்தால் பிழை நம்முடையதுதான்.

பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் சாரதியின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். லொறிக்கும் அப்படித்தான்.

மழை, விளக்கு, தொப்பி

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒக்டோபர் நடுப்பகுதியில் கொழும்பில் சூரியன் ஆறு மணிக்குள் மறைந்துவிடும். 6.20க்கு, மேகமும் சேர்ந்தால், இருட்டுத்தான். நனைந்த தார் எல்லா விளக்கையும் திருப்பிக் காட்டுகிறது. அந்தப் பளபளப்புக்குள் ஒரு சின்னச் சிவப்பு விளக்கைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

மச்சானின் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் போய் அந்தச் சைக்கிளை எடுத்தபோதும் எரிந்தது. ஆனால் சீற்றுக்குக் கீழே பூட்டிய விளக்குக்கு நேர் பின்னால், கரியரில், சாப்பாட்டுப் பெட்டியும் மடித்த பையும் வைத்த பெரிய துணிப் பை. பின்னால் நின்று பார்த்தால் விளக்கே தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் சரிபார்த்திருக்கிறார், பை வைக்கிறதுக்கு முன்னால். பதினைந்து மாதமாக இப்படி ஓடியிருக்கிறார்! வான்காரர் பார்த்தது பக்கக் கண்ணாடியில், அதில் தெரிவதற்குச் சைக்கிளின் முன்பக்க விளக்குத்தான் தேவை. முன் விளக்கு மழைக்குப் பயந்து பொக்கற்றுக்குள் இருந்தது. பழைய ஆட்கள் டைனமோ எரியாவிட்டால் பொலிஸுக்குப் பயந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார்கள் என்று என் தகப்பனார் சொல்வார். இருட்டில் விளக்கில்லாமல் ஓடுவது இன்றைக்கும் சட்டப்படி பிழைதான். ஆனால் அந்தப் பயம் இப்போது போய்விட்டது.

மழைக் கோட்டு கடும் நீலம். அதன் தொப்பியை ஹெல்மெட்டுக்குக் கீழே போட்டிருந்தார். அதைப் போட்டுக்கொண்டு நானே திரும்பிப் பார்த்தேன்: கண்ணுக்குத் தெரிந்தது தொப்பியின் உள்பக்கத் துணிதான். ஹோர்ன் அடித்தபோது அவர் ஏன் திரும்பவில்லை என்பதற்கு அது பாதிப் பதில். ஹெல்மெட்டின் பட்டிக்கும் நாடிக்கும் இடையில் என் நாலு விரல் போனது, இரண்டு விரல் போகிற அளவுக்குத்தான் இருக்கவேண்டும். தளர்ந்த பட்டியால் ஹெல்மெட் பின்னால் சரிந்து நெற்றி வெளியே நின்றது. ஐந்து தையலும் அங்கேதான்.

மரைன் டிரைவ்

பாதையைப் பற்றித்தான் நாங்கள் அதிக நேரம் பேசினோம். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை, காலி வீதிக்கு இணையாக, கடலோரப் புகையிரதப் பாதையை ஒட்டி மரைன் டிரைவ் ஓடுகிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்காரருக்கு இது பெரிய கொடை. ஆனால் காலையில் அது ஒரு வீதி, மாலையில் இன்னொரு வீதி.

காலையில் வடக்கே போகும்போது நமது இடது பக்கம் தண்டவாளமும் கடலும். ஒழுங்கை கிடையாது, கராஜ் கேற் கிடையாது. ஸ்டேஷன் வாசல்களைத் தவிர இடது பக்கம் திரும்புகிற வாகனமே அநேகமாக இல்லை. கொழும்பில் இவ்வளவு நீளத்துக்கு இடது பக்க வெட்டுப் பயமில்லாமல் ஓடக்கூடிய வேறு வீதி எனக்குத் தெரியாது. ஒரே ஒரு விஷயம் காற்று. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து வந்து இடது தோளில் அடிக்கும், நம்மை வலது பக்கம், வாகனங்களுக்குள், தள்ளும். அந்த மாதங்களில் கைபிடியில் பை தொங்கவிடாதீர்கள், ஒரு கையால் ஓடாதீர்கள்.

மாலையில் தெற்கே வரும்போது இடது பக்கம் முழுவதும் ஒழுங்கை வாய்கள், மாடி வீடுகளின் கேற், சாப்பாட்டுக் கடைகள், அவற்றுக்கு முன்னால் நிறுத்திய கார்கள். இங்கேயும் அதே ஒன்றரை மீற்றர்தான். வெயில் மாலைகளில் இன்னொரு சிக்கல். ஒழுங்கையிலிருந்து மரைன் டிரைவுக்கு வெளியே வருகிற சாரதி நேரே மேற்கைப் பார்க்கிறார். ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில் சூரியன் கடல் மட்டத்தில், அவருடைய கண்ணுக்குள். நாம் அவருக்குக் கறுப்பு நிழல்தான். ஒழுங்கை வாயில் மூக்கை நீட்டி நிற்கிற கார் ஒன்றைக் கண்டால், சாரதியின் முகத்தைப் பார்ப்பதோடு முன் சில்லையும் பாருங்கள். முகம் நம் பக்கம் திரும்பியிருந்தும் அவர் காணாமல் இருக்கலாம், சில்லு உருண்டால் உருண்டதுதான்.

இவ்வளவு இருந்தும் மாலையில் மரைன் டிரைவே சரி என்று முடிவு செய்தோம். இரண்டு காரணம். காலி வீதியைப் போலப் பஸ் ஓட்டம் அங்கே கிடையாது. அதோடு, மச்சானின் வீடு கடற்கரைப் பக்கம். காலி வீதியால் வந்தால் வீட்டுக்குப் போக நான்கு லேனைக் கடந்து வலது பக்கம் திரும்ப வேண்டும். மரைன் டிரைவால் வந்தால் சும்மா இடது பக்கம் திரும்பினால் ஒழுங்கை. இத்தனை மாதமும் மரக்கறி வாங்குகிற நாட்களில் எல்லாம் அந்த வலது திருப்பத்தை இருட்டில் எடுத்திருக்கிறார். விபத்து அங்கே நடக்கவில்லை என்பதால் யாரும் அதைப் பற்றி யோசிக்கவேயில்லை.

கொள்ளுப்பிட்டியில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் மாறுகிற இடத்தில் அவர் இப்போது இறங்கி, கலர் லைட்டில் சனத்தோடு சேர்ந்து சைக்கிளை உருட்டிக் கடக்கிறார். காலிமுகத்திடலில் வீதி அகலம், வாகன வேகமும் அதிகம். அங்கே இடது லேனில் நேர்கோடாக, வளையாமல் ஓடுவதுதான் முக்கியம். பழைய பாராளுமன்றக் கட்டடத்துக்குக் கிட்டே வாகனங்கள் பிரிகிற இடத்தில் திரும்பிப் பார்த்துக் கையை நீட்டிய பிறகுதான் லேன் மாறுகிறார், முடியாத நாளில் இறங்கி நடக்கிறார். புறக்கோட்டைக்குள் போனால் பயம் வேறு மாதிரி. சுமை ஏற்றி இறக்குகிற நாட்டாமிமாரின் வண்டில்களும் பின்னுக்கு எடுக்கிற லொறிகளும்தான் அங்கே வேகத்தைத் தீர்மானிக்கின்றன. குறுக்குத் தெருவுக்குள் சைக்கிள் ஓடுவதில் அர்த்தமில்லை. கான் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கிவிடுகிறார்.

ஆறு கிழமைக்குப் பிறகு

தொட்டில் கழற்றிய பிறகும் ஒரு மாதம் அவர் சைக்கிளைத் தொடவில்லை. பயம் என்று வாய் விட்டுச் சொல்லவில்லை. "கை இன்னும் சரியில்லை" என்றார். நான் அவசரப்படுத்தவில்லை. 2024 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிய ஆறு மணிக்கு, வெறும் மரைன் டிரைவில், நான் முன்னாலும் அவர் பின்னாலும் கொள்ளுப்பிட்டி வரை போய் வந்தோம். திரும்பி வரும்போது நின்ற கார் ஒன்றைக் கடக்கையில் பின்னால் அவருடைய பெடல் சத்தம் நின்றது. பார்த்தால் வீதியின் நடுக்கோட்டுக்கே போயிருந்தார். சரி, அதுவும் பிழைதான், ஆனால் கழிவது கொஞ்ச நாளில் கழியும் என்று விட்டேன். கழிந்தது.

சைக்கிளில் மாறியவை: இரும்பு விளிம்புக்குப் பதில் அலுமினிய விளிம்புச் சில்லு, புதுப் பிரேக் கட்டை, புது வயர். கடல் காற்றில் வயருக்குள் துரு பிடிப்பதால் மாதம் ஒரு முறை எண்ணெய். பின் விளக்கு சீற்றிலிருந்து கரியரின் கடைசிக் கம்பிக்குப் போனது, பைக்குப் பின்னால். பெடலில் ஒளி திருப்பும் ஒட்டுப் பட்டி: மேலும் கீழும் அசைகிற வெளிச்சத்தைத் தூரத்திலிருந்தே சைக்கிள் என்று சாரதி கண்டுகொள்வார். மழைக் கோட்டு மஞ்சள், தொப்பியைக் கத்தரித்துவிட்டார் அவருடைய அக்கா, அதாவது என் மனைவி. மழை கொட்டினால் கடையிலேயே அரை மணித்தியாலம் கூட இருந்துவிட்டு வருகிறார். நெடுநாள் வெயிலுக்குப் பிறகு பெய்கிற முதல் மழையில் தாரின் மேல் எண்ணெய் மிதக்கும், வெள்ளைக் கோடும் கான் மூடியும் சவர்க்காரம் மாதிரி. அந்த அரை மணித்தியாலம் வீண் போகாது.

மிகக் கஷ்டமாக இருந்தது தலையைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம்தான். 41 வயதில் கழுத்து ஒத்துழைக்கவில்லை. திரும்பினால் சைக்கிளும் கூடவே அந்தப் பக்கம் போனது. ஒழுங்கைக்குள் சோக்குக் கோட்டின் மேல் ஓடிப் பழகினார்: கோட்டை விட்டு விலகாமல் வலது தோளுக்கு மேலால் பார்க்க வேண்டும், பின்னால் நிற்கிற நான் எத்தனை விரல் காட்டுகிறேன் என்று சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்து ஆட்கள் கேற்றுக்கு மேலால் பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை. மூன்றாவது கிழமையில்தான் விரல் கணக்கும் கோடும் ஒன்றாக வந்தன.

அவருடைய மகனுக்கு இப்போது 13. பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகக் கேட்டு நிற்கிறான். பாட்டி வேண்டாம் என்கிறார், தாய் யோசிக்கிறார். மச்சான் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். பத்துத் தடவையும் கோட்டை விட்டு விலகாமல் திரும்பிப் பார்த்து விரலைச் சரியாகச் சொன்னால் மரைன் டிரைவ் வரைக்கும், தகப்பனுக்குப் பின்னால், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். போன ஞாயிறு பத்துக்கு ஆறு.